கண்ணுக்குப் புலப்படாத விஷவாயுவும் வீட்டுக்கு வேண்டிய எச்சரிக்கைக் கருவியும்

2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததைக் காவிரி டெல்டாப் பகுதி மக்கள் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். தென்னந்தோப்புகள் சாய்ந்தன, மின்கம்பங்கள் ஒடிந்து விழுந்தன, பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆயிற்று. மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றவும், கைபேசிகளுக்கு மின்னேற்றவும், வீட்டில் ஒரு விளக்கேனும் எரியவும் அந்நாட்களில் துணை நின்றது ஜெனரேட்டரே ஆகும். அந்த அனுபவத்தின் பயனாகச் சிறு ஜெனரேட்டர் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு.

இது முன்யோசனையுள்ள செயலே. ஆயினும் அந்த ஜெனரேட்டரை எங்கே வைத்து ஓட்டுவது என்பதில் கவனம் தவறினால், புயலுக்குத் தப்பிய குடும்பம் புகைக்குப் பலியாக நேரிடும். மழைச் சாரல் படாமலிருக்கட்டும் என்று திண்ணையிலோ, ரேழியிலோ, மாடிப்படிக்குக் கீழோ அதனை வைத்து, காற்றுக்கு அஞ்சி ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு உறங்கச் செல்வது இயல்பாக நடக்கக்கூடியது. அந்த எந்திரம் கக்கும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உறங்குகிறவர்களை உறக்கத்திலேயே கொன்றுவிட வல்லது. இவ்வாயு சேர்ந்ததும் மணி ஒலித்து எழுப்பும் சிறு கருவிகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றுள் நம்பத்தக்கதைத் தேர்ந்தெடுப்பது எப்படி, அதனை எவ்வாறு பயன்படுத்துவது, அதனால் ஆகாதது எது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாயுவின் தன்மை

விறகு, கரி, உமி, மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு ஆகிய எதுவும் போதிய காற்றுடன் நன்றாக எரிந்தால் பெரும்பாலும் கரியமில வாயுவாக மாறும். காற்று போதாமல் அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு மிகுதியாக உண்டாகிறது. பெயரில் ஒற்றுமை தோன்றினும் கரியமில வாயு வேறு, இது வேறு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையும் தொண்டையையும் உறுத்தும் காரமும் இல்லை. காற்றைவிட மிகச் சிறிதளவே இலேசானதாகையால் அறைக் காற்றுடன் நன்றாகக் கலந்து எங்கும் பரவி நிற்கும்.

நாம் மூச்சில் உள்வாங்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்னும் செம்பொருள். அச்செம்பொருள் பிராணவாயுவைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்புடன் கார்பன் மோனாக்சைடைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே காற்றில் பிராணவாயு குறைவின்றி இருந்தும், அது மூளைக்கும் இருதயத்துக்கும் போய்ச் சேருவதில்லை.

இந்த வாயுவைப் பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு என்று அளப்பது வழக்கம். பத்து இலட்சம் பங்கு காற்றில் 200 பங்கு இவ்வாயு இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி தோன்றும். 800 பங்கு இருந்தால் முக்கால் மணி நேரத்தில் தலைச்சுற்றலும் குமட்டலும் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள் நினைவு தப்பும். 1,600 பங்கானால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மரணம் நேரும். 12,800 பங்கானால் சில நிமிடங்களே போதும்.

இங்கே நம் மக்களிடையே உள்ள ஒரு நம்பிக்கையைக் குறிப்பிட வேண்டும். பாழடைந்த கிணற்றில் இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது அணைகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். பிராணவாயு மிகக் குறைந்த இடத்தில் விளக்கு அணையும் என்பது உண்மையே. ஆனால் மனிதனைக் கொல்லப் போதுமான கார்பன் மோனாக்சைடு நிறைந்த அறையில் விளக்கு சற்றும் மங்காமல் எரியும். ஏனெனில், இங்கே குறைந்தது காற்றிலுள்ள பிராணவாயு அன்று; இரத்தம் அதனைச் சுமக்கும் வலிமையே குறைந்தது. ஆதலால் விளக்கு எரிகிறது என்பது இவ்வாயு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் இந்த அபாயத்தை ஆராய்ந்த ஜே. எஸ். ஹால்டேன் என்னும் விஞ்ஞானி, 1890-களில் இவ்வாயுவைத் தாமே சுவாசித்துச் சோதனை செய்தார். சிறு உயிர்கள் மனிதனுக்கு முன்னரே இதனால் பாதிக்கப்படுவதைக் கண்டு, அவற்றைச் சுரங்கத்துக்குள் உடன் கொண்டு செல்லலாம் என்று யோசனை கூறினார். அவ்வாறு கூண்டிலிட்டுக் கொண்டுசெல்லப்பட்ட கானரிக் குருவிகள் 1986-ஆம் ஆண்டு வரையில் பிரிட்டிஷ் சுரங்கங்களில் காவல் புரிந்தன. அக்குருவிகளின் வேலையைத்தான் இன்று உள்ளங்கை அளவுள்ள மின்கருவி செய்கிறது.

நம் பகுதியில் அபாயம் எங்கே?

டெல்டாவின் பழைய வீடுகள் நடுவே முற்றமும், சுற்றித் தாழ்வாரமும், மேலே ஓடும் உடையவை. அடுப்புப் புகை ஓட்டிடுக்கு வழியாகவும் முற்றத்தின் வழியாகவும் வெளியேறிவிடும். இன்று கட்டப்படும் வீடுகள் அவ்வாறானவை அல்ல. கான்கிரீட் தளமும், கண்ணாடி ஜன்னலும், இறுக மூடும் கதவும் உடையவை. குளிர்சாதனம் பொருத்திய அறையோ இன்னும் இறுக்கமானது. வீடுகளில் பொருத்தும் குளிர்சாதனம் பொதுவாக உள்ளிருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விப்பதன்றி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை என்பதைப் பலர் அறியார். முற்றமுள்ள வீட்டில் தீங்கின்றிச் செய்துவந்த ஒரு காரியம் இத்தகைய வீட்டில் அபாயமாக முடியலாம்.

பிள்ளை பெற்றவளுக்கும் குழந்தைக்கும் சாம்பிராணி போடக் கனலும் கரியை அறைக்குள் கொண்டுவருகிறோம். கொசுவை விரட்ட மூட்டம் போடுகிறோம். மார்கழி, தை மாதப் பனியில் முதியோர் கணப்பை அருகில் வைத்துக்கொள்கிறார்கள். கோழிக் குஞ்சுகளுக்குக் கரியடுப்பால் வெப்பமூட்டுவோர் உண்டு. இவற்றில் கரிநெருப்பு மிகவும் ஏமாற்றக்கூடியது. புகை அடங்கிச் செந்நிறமாகக் கனலும்போது இனித் தீங்கில்லை என்று எண்ணுகிறோம். புகை நின்றதே தவிர, கார்பன் மோனாக்சைடு வெளிவருவது நிற்கவில்லை. களத்தில் திறந்த வெளியில் நெல் அவிக்கும் அடுப்பால் இந்த அபாயம் நேருவதில்லை. மூடிய அறையில் வைத்த ஒரு சட்டி நெருப்பே அஞ்சத்தக்கது. வாழைத்தாரைப் பழுக்க வைக்கப் புகை மூட்டிய அறையைத் திறந்தவுடனே உள்ளே நுழைவதும் அவ்வாறே.

வயலில் ஆயில் என்ஜின் ஓடும் கொட்டகைக்குள்ளேயே இரவுக் காவலுக்குப் படுப்பது தவிர்க்க வேண்டிய பழக்கம். நகரங்களிலும் பெரிய கிராமங்களிலும் குளியலறைக்குள் எரிவாயு கீசரைப் பொருத்திவிடுகிறார்கள். சிறிய குளியலறையின் காற்று விரைவில் தீர்ந்து, எரிவாயு அரைகுறையாக எரியத் தொடங்கும். அத்தகைய கீசரைக் குளியலறைக்கு வெளியே, புகைபோக்கியுடன் பொருத்துவதே முறை. சமையல் எரிவாயு அடுப்பின் சுடர் நீலமாக இருக்க வேண்டும். அது மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி படிந்தால், பர்னரைச் சுத்தம் செய்யவோ பழுது பார்க்கவோ வேண்டும் என்பது குறிப்பு.

இவை எல்லாவற்றிலும் பெரிய அபாயம் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடும் சிறு ஜெனரேட்டர். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், ஒரு சிறு ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்கள் வெளியிடும் அளவுக்கு இவ்வாயுவை வெளியிடக்கூடும் என்று எச்சரித்துள்ளது. அந்நாட்டில் 2005-ஆம் ஆண்டின் கத்ரீனா, 2020-ஆம் ஆண்டின் லாரா ஆகிய புயல்களுக்குப் பின், மின்சாரமற்ற வீடுகளில் ஜெனரேட்டர் புகையால் பலர் உயிரிழந்தனர். காற்றும் வெள்ளமும் ஓய்ந்த பிறகு நேர்ந்த மரணங்கள் அவை.

நமக்கு அண்மையில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியும் நினைவிற்கொள்ளத் தக்கது. 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா சென்றவர்கள் தாமன் என்னும் மலையூரின் விடுதியில் தங்கினர். குளிருக்காக எரிவாயுக் கணப்பை அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு ஒரே அறையில் உறங்கிய எண்மர் மறுநாள் எழவில்லை. அவர்களுள் நால்வர் குழந்தைகள். படித்தவர், படியாதவர் என்ற வேறுபாடு இவ்வாயுவுக்கு இல்லை.

மூன்று கருவிகளுக்கு மூன்று வேலைகள்

கடைக்குச் சென்று 'கேஸ் அலாரம்' என்று கேட்டால், பெரும்பாலும் சமையல் எரிவாயுக் கசிவை அறியும் கருவியையே எடுத்துக் கொடுப்பார்கள். அது நல்ல கருவிதான்; ஆனால் நாம் பேசும் கருவி அன்று. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையை ஒட்டித் தங்கும். ஆகவே அக்கருவியைத் தரைக்கு அருகில் பொருத்துவர். எரியாத வாயுவைக் காண்பது அதன் வேலை. அரைகுறையாக எரிந்ததால் உண்டான கார்பன் மோனாக்சைடை அது அறியாது. அதுபோலவே, கூரையில் பொருத்தும் புகை எச்சரிக்கைக் கருவி புகைத்துகளைக் கண்டு ஒலிக்கும். துகளற்ற இந்த வாயுவை உணராது. 'சி.ஓ. அலாரம்' அல்லது 'சி.ஓ. டிடெக்டர்' என்று பெயர் கூறிக் கேட்டு, பெட்டியின் மேல் கார்பன் மோனாக்சைடு என்று தெளிவாக எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

கிணறு, கழிவுநீர்த் தொட்டி, சாணவாயுக் கலம் ஆகியவற்றில் இறங்குவதற்கும் வீட்டு சி.ஓ. கருவி உதவாது. அங்கே உயிரைப் போக்குவன பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கரியமில வாயு ஆகியவையும் பிராணவாயுக் குறைவுமாகும். அதற்கெனப் பல வாயுக்களை ஒருங்கே அளக்கும் தொழிற்கருவி தனியே உண்டு. கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம் என்பதையும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். சி.ஓ. கருவி ஒலிக்கவில்லை என்ற தைரியத்தில் ஒருவரைத் தொட்டியில் இறக்குவது பெரும் பிழையாகும்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது, கருவியின் உணரி. வாயுவை அறியும் உறுப்புக்கு உணரி என்று பெயர். வாயு பட்டால் நிறம் மாறும் அட்டைகள் சில விற்கப்படுகின்றன. அவை ஒலி எழுப்புவதில்லை. உறங்குகிறவரை எழுப்ப மாட்டா. ஆகையால் வீட்டுக்கு உதவா. உலோக ஆக்சைடு உணரிகள் சூடேறி வேலை செய்வன. அவற்றுக்கு மின்சாரம் அதிகம் வேண்டும். வேறு ஆவிகளையும் ஈரத்தையும் கண்டு மயங்குவதும் உண்டு. மின்வேதி உணரி சிறிய பாட்டரியிலேயே பல ஆண்டுகள் இயங்கும். மற்ற இரண்டையும்விட நம்பத்தக்கது. எனவே மின்வேதி உணரி உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம். சுவர்ப் பிளக்கில் செருகினால் மட்டுமே இயங்கும் கருவிகள் உண்டு. அவற்றை வாங்கலாகாது. நம் கிராமங்களில் ஜெனரேட்டர் ஓடுவது மின்சாரம் இல்லாத நாளில்தான். மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும் கருவி அந்த இரவில் எதற்கும் பயன்படாது. பாட்டரியில் இயங்குவதையோ, மின்சாரம் நின்றால் பாட்டரிக்குத் தானே மாறிக்கொள்வதையோ வாங்க வேண்டும். மாற்றக்கூடிய பாட்டரியாயின், அது நம் ஊர்க் கடையில் கிடைக்கும் வகைதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

மூன்றாவது, தர முத்திரை. வீட்டுக் கருவிகளுக்கு ஐரோப்பாவில் இ.என். 50291 என்றும், அமெரிக்காவில் யு.எல். 2034 என்றும் தரங்கள் வகுக்கப்பட்டுள்ளன. இவற்றுள் ஒன்று கருவியின் மேலேயே ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஐரோப்பியத் தரத்தின்படி காற்றில் 50 பங்கு வாயு இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள்ளும், 100 பங்கு இருந்தால் 10 முதல் 40 நிமிடத்துக்குள்ளும், 300 பங்கு இருந்தால் 3 நிமிடத்துக்குள்ளும் மணி ஒலித்தாக வேண்டும். சிறிதளவு வாயுவுக்குச் சற்றுப் பொறுத்தும், மிகுந்த வாயுவுக்கு உடனேயும் ஒலிப்பது கருவியின் குறையன்று. அவ்வாறே அது அமைக்கப்பட்டுள்ளது. பிரிட்டனின் 'விச்' என்னும் நுகர்வோர் அமைப்பு, வலைத்தள அங்காடிகளில் மலிவாக விற்கப்பட்ட சில கருவிகளைச் சோதித்தபோது, ஒலிக்க வேண்டிய நேரத்தில் அவை ஒலிக்கத் தவறியதைக் கண்டது. ஆகவே தயாரிப்பாளர் பெயரும், மாதிரி எண்ணும், தர எண்ணும் இல்லாத கருவி எவ்வளவு மலிவாயினும் வேண்டா. ஒலிக்காத கருவியை வைத்திருப்பது கருவியே இல்லாமலிருப்பதைவிடத் தீயது; ஏனெனில் அது பொய்த் துணிவைத் தருகிறது.

நான்காவது, வயது. விதைநெல்லுக்கு முளைப்புக் காலம் இருப்பதுபோல் உணரிக்கும் ஆயுள் உண்டு. கருவிக்குத் தக்கவாறு ஐந்து, ஏழு அல்லது பத்து ஆண்டுகளில் அது ஓய்ந்துவிடும். கருவியின் பின்புறத்தில் தயாரித்த தேதியோ மாற்ற வேண்டிய தேதியோ அச்சிட்டிருக்கும். கடையில் நெடுங்காலம் கிடந்ததை வாங்கலாகாது. மாற்ற வேண்டிய ஆண்டை வீட்டுச் சுவரில் கருவியின் அருகிலேயே எழுதி வைப்பது நல்லது.

ஐந்தாவது, எண் காட்டும் திரை. இது கட்டாயமன்று, இருந்தால் நன்மை உண்டு. மணி ஒலிக்கும் நேரங்கள் உடல்நலமுள்ள பெரியவர்களைக் கருதி வகுக்கப்பட்டவை. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், இருதய நோயுள்ளோர் ஆகியோருக்கு அதற்கு முன்னரே தீங்கு நேரலாம். எண் திரை இருந்தால் மணி ஒலிக்குமுன்னரே வாயு ஏறுவதைக் காணலாம்.

கருவியில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட நாளில், உதாரணமாக அமாவாசையன்று, அதனை அழுத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஆனால் பொத்தானை அழுத்தியதும் மணி ஒலித்தால் பாட்டரியும் மணியும் சரி என்றுதான் பொருள். உணரியும் சரி என்று பொருளாகாது. தேதி கடந்த கருவியும் பொத்தானை அழுத்தினால் ஒலிக்கக்கூடும். ஊதுவத்தியைக் காட்டியோ, வண்டியின் புகைக்குழாயருகே பிடித்தோ சோதித்தல் கூடாது; அதனால் உணரி கெட்டுப்போகலாம்.

எங்கே பொருத்துவது?

ஒரு கருவியே வாங்க இயலுமாயின், அது இருக்க வேண்டிய இடம் குடும்பத்தார் உறங்கும் அறை. விழித்திருப்போருக்குத் தலைவலியேனும் ஒரு அறிகுறியாகும். உறங்குவோருக்கு அதுவும் இல்லை. தயாரிப்பாளர் குறிப்பை அனுசரித்து, படுத்திருப்போர் மூச்சுவிடும் உயரத்தை ஒட்டிச் சுவரில் பொருத்துவது பொதுவான முறை. பாயில் படுப்போர் வீட்டில் தாழ்வாகவும், அதேசமயம் குழந்தைகளின் கைக்கு எட்டாதவாறும் இடம் பார்க்க வேண்டும். திரைச்சீலைக்கும் அலமாரிக்கும் பின்னே, ஜன்னல் ஓரத்தில், நேரே மின்விசிறிக்கு எதிரில், குளியலறையில், அடுப்புக்கு நேர் மேலே பொருத்தலாகாது.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதன் பாட்டரி மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயு சிறிது வெளிப்படும். அதனைக் கார்பன் மோனாக்சைடு என்று எண்ணி மின்வேதி உணரி ஒலிப்பதுண்டு. கருவியை இன்வெர்ட்டர் பாட்டரியிலிருந்து தொலைவில் வைத்தால் இத்தொல்லை இராது. ஆயினும், மணி ஒலித்தபோது 'இது பாட்டரியால்தான்' என்று தாமே தீர்மானித்துக்கொண்டு உறங்கிவிடுதல் கூடாது. முதலில் வெளியேறுக, காரணத்தைப் பின்னர் ஆராய்க.

மணி ஒலித்தால் செய்ய வேண்டியவை

வீட்டிலுள்ள அனைவரையும் எழுப்பி உடனே வெளியே கொண்டுசெல்ல வேண்டும். போகும் வழியில் கதவுகளைத் திறந்துவிடலாம். நெருப்பையும் எந்திரத்தையும் அணைப்பது எளிதாயின் அணைக்கலாம். அதற்காக உள்ளே தங்குதல் ஆகாது. ஒருவர் மயங்கிக் கிடப்பதைக் கண்டு உள்ளே செல்வோர் முதலில் கதவு ஜன்னல்களை அகலத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்கு இழுத்து வந்துவிட வேண்டும். பின்னர் 108-ஐ அழைக்க வேண்டும்.

கருவி இல்லாத வீட்டில் இதன் அறிகுறிகளை அறிந்திருப்பது இன்னும் அவசியம். தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், கால் தள்ளாடுதல் ஆகியவை தோன்றும். இவற்றைப் பித்தம் என்றும், காய்ச்சலின் தொடக்கம் என்றும், காற்றுக் கருப்பு என்றும் கருதிக் காலம் கடத்துவோர் உண்டு. வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே சமயத்தில் இவை தோன்றுவதும், வெளியே வந்தால் தெளிவதும், காய்ச்சல் இல்லாமலிருப்பதும் இந்த விஷத்தின் அடையாளங்கள்.

கொரோனா நோய் பரவிய காலத்தில் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரைப் பல குடும்பங்கள் வாங்கின. அக்கருவி இங்கே ஏமாற்றிவிடும். கார்பன் மோனாக்சைடு பற்றிய இரத்தத்தையும் பிராணவாயு பற்றிய இரத்தத்தையும் அதனால் வேறுபடுத்தி அறிய முடியாது. நோயாளி உயிருக்குப் போராடும்போதும் அது 98 என்றோ 99 என்றோ காட்டக்கூடும். ஆகவே ஆஸ்பத்திரிக்குச் சென்றவுடன், 'மூடிய அறையில் கரிநெருப்பு இருந்தது' அல்லது 'வீட்டினுள் ஜெனரேட்டர் ஓடியது' என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இரத்தப் பரிசோதனையால் உண்மை தெரியும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்திலுள்ள விஷம் பாதியாகக் குறைய நான்கு அல்லது ஐந்து மணி நேரமாகும். முகமூடி வழியாகச் சுத்தப் பிராணவாயு கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். கர்ப்பிணிகள் தெளிந்துவிட்டதாகத் தோன்றினாலும் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். வயிற்றிலுள்ள சிசுவின் இரத்தத்திலிருந்து விஷம் நீங்கத் தாயைவிட அதிக நேரமாகும்.

கருவியால் ஆகாதது

விறகடுப்புப் புகையினால் நாள்தோறும் சிறுகச் சிறுக நேரும் கேட்டை இக்கருவி தடுக்காது. 2018-ஆம் ஆண்டு தொடங்கி, இந்தியா உள்ளிட்ட நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு அடுப்புப் புகை பற்றிப் பேராராய்ச்சி ஒன்று நடைபெற்றது. இந்தியாவில் அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகளுள் நம் நாகப்பட்டினமும் ஒன்று. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனம் அப்பணியை ஏற்றது. நுண்துகள்களோடு கார்பன் மோனாக்சைடும் அளக்கப்பட்டது. விறகை விட்டு எரிவாயுவுக்கு மாறிய பெண்கள் சுவாசித்த புகை வெகுவாகக் குறைந்தது. ஆயினும் குழந்தைகளின் பிறப்பு எடையில் எதிர்பார்த்த முன்னேற்றம் காணப்படவில்லை என்று 2022-இல் வெளியான முடிவு கூறியது. அதனால் புகை தீங்கற்றது என்று பொருளன்று; நுரையீரலுக்கும் கண்ணுக்கும் அது செய்யும் கேடு தெளிவானது. புகைபோக்கியும், ஜன்னலும், நல்ல அடுப்புமே அதற்கு மருந்து. சுதந்திரம் வந்த காலத்திலேயே வார்தாவில் மகன் அடுப்பும், 1950-களில் ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜுவின் புகையில்லா அடுப்பும் இந்நோக்கத்துடன் உருவாயின. அப்பணியை எச்சரிக்கை மணியிடம் ஒப்படைக்க முடியாது.

பஞ்சாயத்தின் கடமை

ஒவ்வொரு வீட்டிலும் இக்கருவி இருப்பது உடனே கைகூடும் காரியமன்று. ஆயினும் பஞ்சாயத்துகள் சிலவற்றைச் செலவின்றிச் செய்யலாம்.

அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை கூடும்போது வடகிழக்குப் பருவமழை வாயிலில் நிற்கிறது. அன்றே ஜெனரேட்டர் பற்றிய விதியை எல்லோருக்கும் சொல்லிவிடலாம். வீட்டுக்குள், திண்ணையில், தாழ்வாரத்தில் ஜெனரேட்டர் வைக்கலாகாது. கதவு, ஜன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளித் திறந்த வெளியில், புகைக்குழாய் வீட்டை நோக்காதவாறு வைக்க வேண்டும். மழைக்கு மேலே மட்டும் மறைப்பு அமைக்கலாம். சுற்றிலும் அடைத்தல் கூடாது. அண்டை வீட்டின் ஜன்னலுக்கு எதிரே வைப்பதும் தவறே.

புயல் பாதுகாப்பு மையத்திலும், மழைக்காலத்தில் மக்களைத் தங்கவைக்கும் பள்ளிக்கூடத்திலும், சமுதாயக் கூடத்திலும் ஜெனரேட்டர் எங்கே நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே குறித்து வைக்கலாம். நூற்றுக்கணக்கானோர் உறங்கும் இத்தகைய இடங்களுக்கு நல்ல சி.ஓ. கருவிகளை வாங்கிப் பொருத்துவது பயனுள்ள செலவு. வாடகைக்கு ஜெனரேட்டர் விடுவோர் ஒவ்வொரு முறையும் இவ்விதியைச் சொல்லிக் கொடுக்குமாறு செய்யலாம். கிராமச் சுகாதார செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும், பிள்ளை பெற்ற வீடுகளில் சாம்பிராணிச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவை மூட வேண்டாம் என்று எடுத்துரைக்கலாம்.

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பலர் சேர்ந்து வாங்கினால், தர எண்ணும் தேதியும் பார்த்து ஒரே வகைக் கருவியைத் தேர்ந்தெடுக்கவும், கெட்டதைத் திருப்பிக் கொடுக்கவும் எளிதாக இருக்கும். ஜெனரேட்டர் உள்ள வீடு, எரிவாயு கீசர் உள்ள வீடு, கர்ப்பிணியோ கைக்குழந்தையோ உள்ள வீடு ஆகியவை முதலில் வாங்க வேண்டியவை.

காவிரிக் கரையில் வெள்ளம் வருமுன் கரையை உயர்த்துவதும், உடைப்பு நேர்ந்தால் தமுக்கடித்து ஊரை எழுப்புவதும் நம் முன்னோர் அறிந்தவை. கரை முதலில், தமுக்கு அதற்கு அடுத்தது. நெருப்பையும் எந்திரத்தையும் வீட்டுக்கு வெளியே வைப்பதும், காற்று புக வழி விடுவதும் கரையைப் போன்றவை. எச்சரிக்கைக் கருவி தமுக்கைப் போன்றது. இரண்டும் வேண்டும். வரும் மழைக்காலத்துக்கு முன்னரே விவசாயப் பெருமக்களும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் இவ்விரண்டையும் தத்தம் ஊர்களில் ஏற்பாடு செய்துகொள்வார்களாக.